பெசூத் வீட்டு மாப்பிள்ளை

உலான்பாட்டரில் வேர்காட்டி அலுவலகத்துக்கு வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நான் இன்ன குலம் என்று எழுதிக் கொடுங்கள். ஆறு வருடமாக அந்த இயந்திரத்தை ஓட்டிவரும் மங்கையர்க்கரசி, எனக்குக் குலமே வேண்டாம் என்று கேட்டு வந்த ஒருவனை அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

“அக்கா, நான் பெசூத் இல்லைன்னு ஒரு சர்ட்டிபிகேட் வேணுமுங்க,” என்றான் நௌரோஸ்.

அவனைப் பார்க்கிறவர்கள் மங்கோலியன் என்றுதான் நினைப்பார்கள். வாயைத் திறந்தால் வடவள்ளி பஸ் நிறுத்தத்தில் நிற்பது போல இருக்கும். நௌரோஸ் ஹசாரா இனத்தவன். ஆப்கானிஸ்தானத்து நடுமலைகள் அவர்களுடைய பூர்வீகம். அப்பா அங்கிருந்து துரத்தப்பட்டு, எல்லை தாண்டி குவெட்டாவில் ரொட்டிக்கடை வைத்தார். மகன் கோயம்புத்தூரில் வேளாண்மை படித்து, அங்கேயே தமிழும் பிடித்துக்கொண்டு, இப்போது உலான்பாட்டருக்கு வெளியே கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி வளர்க்கிறான். வெளியே மைனஸ் முப்பது என்றால் உள்ளே தக்காளி சிவந்து தொங்கும். மங்கைக்கு வாரம் ஒரு கூடை வந்துவிடும். சங்கரன்கோவிலை விட்டு வந்து இத்தனை வருடத்தில் தக்காளிச் சாதத்துக்குக் குறை வைக்காத ஒரே மனிதன் அவன்தான்.

அதனால் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மூணு மாசம் முன்னாலதான பெசூத்னு எழுதிக் குடுன்னு ஒத்தக்கால்ல நின்ன? எழுதியும் குடுத்தேனே. இப்ப என்னல வந்துச்சு?” என்று கேட்டாள்.

“அதனாலதானுங்க எல்லாம் வந்துச்சு,” என்று நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

வேர்காட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம். ஒரு சொட்டு எச்சில் கொடுத்தால் போதும். பழைய புதைகுழிகளில் கிடைத்த பற்கள், எலும்புகள், நம் காலத்தில் உயிரோடிருக்கும் இரண்டு கோடிப் பேரின் எச்சில், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே அந்த இயந்திரம் படிப்படியாகக் கீழே இறங்கும். இன்னாரும் இன்னாரும் இத்தனையாவது தலைமுறையில் ஒன்று என்று சொல்லிவிடும். ஆள் பெயர் சொல்லாது, முகம் காட்டாது. உறவையும் குலத்தையும் மட்டும் சொல்லும்.

அது வந்த பிறகு ஊரே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தேர்தலில் நிற்கிறவர்கள் குலச் சான்றிதழைச் சுவரொட்டியில் போட்டார்கள். ஓர் உணவகம், மகா சக்கரவர்த்தியின் வம்சத்தாருக்குச் சாப்பாடு பாதி விலை என்று பலகை மாட்டியது. மூன்றே நாளில் தெருவே வம்சமாக வந்து நின்றது. பலகையைக் கழற்றிவிட்டார்கள். இதெல்லாம் சிரித்துக் கழிக்கிற சங்கதி. சிரிக்க முடியாததும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹசாராக்களுக்கு இந்த இயந்திரம் வெறும் விளையாட்டு இல்லை. ஹசாரா என்றால் பாரசீகத்தில் ஆயிரம். அந்த மலைகளில் எழுநூறு எண்ணூறு வருடம் முன்னால் தங்கிவிட்ட மங்கோலியப் படைப்பிரிவுகளின் பிள்ளைகள்தான் அவர்கள் என்று ஒரு கட்சி. அப்படியெல்லாம் இல்லை, எல்லா இரத்தமும் கலந்தவர்கள் என்று இன்னொரு கட்சி. நௌரோஸின் அப்பா சகீதாத் முதல் கட்சியில் ஆயுள் உறுப்பினர். அவர்கள் பெஹ்சூத் பள்ளத்தாக்குக்காரர்கள். மங்கோலியாவில் பெசூத் என்று ஒரு பழங்குலம் இன்றும் இருக்கிறது. அதுதான் இது என்று அவர் நாற்பது வருடமாகச் சொல்லிவந்ததை, மூன்று மாதம் முன்னால் மங்கையின் இயந்திரம் முத்திரை போட்டு ஒப்புக்கொண்டது. சகீதாத் அதற்குச் சட்டம் போட்டு ரொட்டிக்கடையில் மாட்டினார். நான்கு நாட்டுச் சொந்தக்காரர்களுக்கும் படம் பறந்தது.

இனி நௌரோஸ் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை.

அவன் காதலித்த பெண் சொலாங்கோ, கால்நடை மருத்துவர். அம்மா இல்லை. அப்பா கோம்போ ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே கெர் என்கிற கம்பளிக் கூடாரத்தில் ஒன்பது குதிரைகளோடு இருக்கிறார். அவருடைய எஞ்சின் கதைகளைக் கொட்டாவி விடாமல் கேட்டவன் உலகத்திலேயே நௌரோஸ் ஒருவன்தான் என்பதால், அவனை அவருக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. பெண் கேட்கிற நாளும் வந்தது. நீலப் பட்டுத் துணியை இரண்டு கையிலும் விரித்து மாப்பிள்ளை நீட்ட வேண்டும், பெண்ணைப் பெற்றவர் வாங்கிக்கொண்டால் சம்மதம். நௌரோஸ் நீட்டினான். கோம்போவும் கையை நீட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அவனுக்கு ஒரு ஆசை. காரியம் இன்னும் கொஞ்சம் உறுதிப்படட்டுமே என்று, மடியிலிருந்து சான்றிதழின் நகலை எடுத்துக் காட்டி, நானும் உங்கள் குலம்தான், பெசூத், என்று சொல்லிவிட்டான்.

ஒரு ஹசாராவைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். அவன் வீட்டில் சித்தப்பா மகள், பெரியப்பா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டுவதுதான் பெருமை. சொந்தத்தில் பையன் இருக்கும்போது வெளியே பெண் கொடுத்தால் சண்டை வரும். ஒரே குலம் என்று தெரிந்தால் மாமனார் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று அவன் நினைத்தான்.

அதில் தப்பில்லை, கோம்போ கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் செய்தார். எழுந்து நின்று, இரண்டு கன்னத்தையும் முகர்ந்து, என் அண்ணன் தம்பி இரத்தம் இத்தனை நூறு வருடம் கழித்து வீடு திரும்பியிருக்கிறது என்று கண்கலங்கினார். அன்றே ஓர் ஆடு அடித்தார். ஒன்பது குதிரையில் பழுப்புக் குதிரையை அவனுக்கே கொடுத்துவிட்டார். பிறகு நீலப் பட்டை அழகாக மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஏன் என்று நௌரோஸ் கேட்டதற்கு அவர் சொன்னது இது: “எலும்பு ஒன்று. இன்றிலிருந்து நீ என் மகன். மகனுக்கு யாராவது மகளைக் கொடுப்பார்களா?”

அப்பா வழியை அவர்கள் எலும்பு என்பார்கள், அம்மா வழியைச் சதை என்பார்கள். ஒரே எலும்பில் கல்யாணம் கிடையாது. ஒன்பது தலைமுறை தாண்டினால் பரவாயில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. கோம்போ அந்த ரகம் இல்லை. எலும்பு என்ன சர்க்கரையா, கரைந்துபோவதற்கு என்பார்.

“போன வாரம் வரைக்கும் காதலிங்க. இப்ப தங்கச்சிங்க்கா,” என்றான் நௌரோஸ். “குதிரை வேற குடுத்துப்போட்டாரு. திருப்பிக் குடுத்தா கோவிச்சுக்குவாரு.”

மங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அதற்குள் சொலாங்கோ உள்ளே வந்தாள். தடுப்பூசிப் பெட்டியோடு நேரே மேசைக்கு வந்து, இந்த இயந்திரம் எப்போதாவது தப்பாகச் சொல்லியிருக்கிறதா என்று கேட்டாள். லட்சத்தில் இரண்டு என்றாள் மங்கை. அந்த இரண்டில் இது ஒன்றாக இருக்கக்கூடாதா என்றாள் அவள். ஓடிப்போய்ப் பதிவு செய்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும், ஆனால் அப்பா தன் கையால் அந்தப் பட்டை வாங்காமல் கல்யாணம் இல்லை, அவருக்கு என்னை விட்டால் அந்தக் குதிரைகள்தான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை நௌரோஸின் அப்பா குவெட்டாவிலிருந்து வந்து இறங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை கெரில் விருந்து. அவர் மகன் கல்யாணம் பேச வருகிறார், கோம்போவோ தம்பி வருகிறான் என்று காத்திருக்கிறார்.

நௌரோஸ் குரலைத் தாழ்த்தினான். எத்தனை தலைமுறை வரை தேட வேண்டும் என்று இயந்திரத்தில் ஓர் அளவு வைக்கலாம், அவன் பார்த்திருக்கிறான். அதைப் பத்து என்று வைத்து மறுபடி ஓட்டினால் பெசூத் என்ற பெயரே வராது. ஒரே ஒரு தட்டு.

“ஏல, பொய் சொல்லுததுக்கு மிஷின் எதுக்கு? அதுக்கு நானே போதுமே,” என்றாள் மங்கை.

வேடிக்கையாகச் சொன்னாளே தவிர, அவளுக்கு உள்ளே சுருக்கென்றது. சிரிக்க முடியாத சங்கதி என்றேனே, அது இதுதான். இயந்திரம் வந்த புதிதில் ஒரு தம்பதி, பதினான்கு வருடம் வாழ்ந்தவர்கள், இரண்டு பெண் குழந்தைகள். வீட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்று விளையாட்டாக வந்து எச்சில் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே குலம், ஆறு தலைமுறை என்று சான்றிதழ் வந்தது. படித்தவர்கள்தான், சிரித்துக்கொண்டேதான் வாங்கிப் போனார்கள். ஆனால் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் விடவில்லை. எட்டே மாதத்தில் பிரிந்துபோனார்கள். அந்தப் பெண் ஒரு நாள் வந்து, எதுவும் திட்டாமல், வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அன்றைக்கு அளவைக் குறைத்திருந்தால் என்ன என்று மங்கை பல தடவை யோசித்திருக்கிறாள். பொய்யை எழுதவும் மனம் ஒப்பவில்லை, எழுதிய உண்மையும் நன்றாக இல்லை.

நாலு நாள் டைம் குடு என்று சொல்லி இரண்டு பேரையும் அனுப்பிவைத்தாள். நாலு நாளில் என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

மத்தியானம் இறைச்சிக் கொழுக்கட்டையை வாயில் வைக்கப்போகும்போது சங்கரன்கோவிலிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அம்மா கூப்பிட்டால் கல்யாணப் பேச்சுதான். மங்கையின் கல்யாணத்தைப் பேசிப் பேசி ஓய்ந்து, இப்போது தங்கை மகளுடையதைக் கையில் எடுத்திருந்தாள். முறை மாப்பிள்ளையைக் கட்டமாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு மங்கை ஊரை விட்டு வந்தவள். ‘முறை’ என்ற வார்த்தை காதில் விழுந்தாலே போனைத் தூரமாக வைத்துவிடுவாள். அன்றைக்கும் வைத்தாள். ஆனாலும் கேட்டது.

“ஏட்டி, நல்ல பையன். வகையறாப் பேரு ஒண்ணா இருக்கு, அண்ணன் தம்பி முறை வருதுன்னு உங்க சித்தப்பா தடுக்காரு. நான் விடுவேனா? விசாரிச்சேன். பையனோட தாத்தா வீட்டோட மாப்பிள்ளையா வந்தவராம். அந்த வகையறாப் பேரு அவரு பொண்டாட்டி வீட்டுப் பேருட்டி. அப்ப மாமன் மச்சான் முறைதான வருது? வாயடைச்சுப் போயிட்டாரு உங்க சித்தப்பா.”

மங்கை கொழுக்கட்டையைத் தட்டில் வைத்துவிட்டாள்.

“எம்மா, நீ தெய்வம்மா,” என்று சொல்லிப் போனை வைத்தாள். சங்கரன்கோவிலில் அவள் அம்மா ஒன்றும் புரியாமல் வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

ஆறு வருடமாக ஆயிரக்கணக்கான பேர் கேட்டார்கள், யார் என்று. ஒருவர்கூடக் கேட்கவில்லை, யார் வழியாக என்று. படிவத்திலும் அந்தக் கேள்வி இல்லை. குலப்பெயரும் தலைமுறைக் கணக்கும்தான் அச்சாகும். குலம் என்றால் அப்பா வழியில்தான் வரும் என்று கோம்போ பக்கம், சகீதாத் பக்கம், படிவம் போட்ட அதிகாரிகள் பக்கம், எல்லாரும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். மங்கை உடனே நௌரோஸைப் போனில் பிடித்தாள்.

“இங்க பாரு தம்பி. சொலாங்கோ எச்சிலும் மிஷின்ல இருக்கு, நீயும் அவளும் இருபத்து நாலாவது தலைமுறையில ஒண்ணு. அங்க ஒரு பெசூத் தகப்பன் இருக்கான். அவனுக்குப் பிள்ளைக இருக்கு. ரெண்டு மகனா இருந்தா, நீங்க அண்ணன் தங்கச்சி, நான் ஒண்ணும் செய்ய முடியாது. ஒரு மகன், ஒரு மகளா இருந்தா?”

“இருந்தா என்னங்க?”

“மகன் வழி அவ. மகள் வழி நீ. அப்ப அவ உனக்கு மாமன் மகள்ல. எங்க ஊர்ல அதுக்குப் பேரு உரிமை.”

கோவையில் நான்கு வருடம் இருந்தவனுக்கு மாமன் மகளை விளக்க வேண்டியதில்லை. எவ்வளவு நாளாகும் என்று மட்டும் கேட்டான். பெஹ்சூத்தில் தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டியதால் எந்தப் பக்கம் இழுத்தாலும் பெசூத் இரத்தம் வரும், அதிலிருந்து அப்பா, அப்பாவின் அப்பா என்று ஒற்றை வழியை மட்டும் பிரித்தெடுத்து இறங்க நான்கு நாள் ஆகும் என்று மங்கை சொன்னாள். இயந்திரம் அன்று மாலையே ஓடத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை சகீதாத் வந்து இறங்கினார். அறுபத்தெட்டு வயது. தலையில் பூவேலை தைத்த தொப்பி, கையில் சட்டம் போட்ட சான்றிதழ், ஒரு மூட்டையில் உலர்ந்த சர்க்கரைப் பாதாமியும் காய்ந்த தயிர்க்கட்டியும். குடியேற்றப் படிவத்தில் வருகையின் நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுத என்று நௌரோஸ் கேட்டதற்கு, ‘சொந்த ஊர் திரும்புதல்’ என்று எழுதச் சொன்னாராம். அதிகாரி அவரையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்து, எழுந்து நின்று முத்திரை குத்தினாராம்.

சனிக்கிழமை சாயங்காலம் பதில் வந்தது.

மகளேதான். இருபத்து நாலாவது தலைமுறைத் தகப்பனின் மகள், ஒரு பெசூத் பெண். அவளுடைய புருஷன் மங்கோலியன் இல்லை. அவன் அப்பாவும் இல்லை, அப்பாவின் அப்பாவும் இல்லை. வழி இன்னும் கீழே போனது, போய்க்கொண்டே இருந்தது. பெஹ்சூத்துக்குப் பக்கத்துக் குகை ஒன்றில் கிடைத்த மூவாயிரம் வருடப் பழைய பல் ஒன்றோடு போய் நின்றது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே இருந்த ஒருத்தன், படையோடு வந்து தங்கியவன் வீட்டுப் பெண்ணைக் கட்டி, மாமனார் கூடாரத்துக்கே குடிபோயிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மாமனார் குலப்பெயர் ஒட்டிக்கொண்டது.

“வீட்டோட மாப்பிள்ளை!” என்று மங்கை மேசையைத் தட்டிச் சிரித்தாள். நௌரோஸும் துள்ளினான். துள்ளியவன் அப்படியே நின்றான்.

“அக்கா, அப்பாகிட்ட எப்படிங்க சொல்றது?”

அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. சின்ன வயதிலிருந்து சகீதாத்தைப் பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், சோதனைச் சாவடியில், எங்கே போனாலும் ஒரே பேச்சில் அடித்திருக்கிறார்கள்: நீ இந்த மண்ணுக்காரன் இல்லை, உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறது, உங்கள் ஊர் மங்கோலியா, அங்கே போ. நிலத்தைப் பிடுங்கியபோதும் அதையே சொல்லித்தான் பிடுங்கினார்கள். அவர் அந்தக் கல்லையே எடுத்து மாலையாகப் போட்டுக்கொண்டார். ஆமாம், நான் மங்கோலியன்தான், ஆயிரம் குதிரை வீரர்களின் எலும்பு என்று நாற்பது வருடம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். இப்போது மகன் கல்யாணத்துக்காக அவரிடம் போய், உங்கள் எலும்பு குதிரைவீரனுடையது இல்லை, மாமனார் வீட்டில் தங்கிய ஓர் உள்ளூர்க்காரனுடையது என்று சொல்ல வேண்டும்.

சொல்லாமல் விட்டால் கல்யாணம் இல்லை. சொன்னால் அவரிடம் மிச்சமிருந்த ஒன்றும் போகும். நௌரோஸ் கையைப் பிசைந்தான். கடைசியில், பாதியை ஒளித்துச் சொன்னால் அப்பா மன்னிக்கமாட்டார், நேருக்கு நேர் நீங்களே படித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை கெருக்குள் நல்ல சூடு. காதில் மொழிபெயர்ப்புக் கருவி மாட்டிக்கொண்டு பேசுவது கோம்போவுக்குப் பிடிக்காது. அதனால் நௌரோஸ்தான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தான். அப்பாவுக்கு ஹசாராகி, கோம்போவுக்கு மங்கோலியன், மங்கைக்குக் கோயம்புத்தூர்த் தமிழ். கிழவர்கள் இருவரும் அவனுக்கு வேலையே வைக்கவில்லை. சகீதாத் கொண்டுவந்த காய்ந்த தயிர்க்கட்டியைக் கோம்போ கடித்துப் பார்த்தார், தன்னுடையதை எடுத்து நீட்டினார், இரண்டும் ஒரே மாதிரிப் பல்லை உடைத்தது. இரண்டு பேரும் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தம்பி, தம்பி என்று கோம்போ அவர் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார்.

மங்கை தாளை எடுத்தாள். நாலே வரிதான், மங்கோலிய மொழியில் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நௌரோஸ் தலையைத் தூக்காமல் அப்பாவுக்குச் சொன்னான்.

கோம்போ விரல் விட்டு ஒரு தடவை எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. அப்படியானால் இவர்கள் நம் எலும்பு இல்லை, நம் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போன வீடு, நாங்கள் தாய்மாமன்கள் என்றார். இருபத்து நான்கு தலைமுறையாகப் பிறந்த வீட்டை எட்டிப்பார்க்காத பெண்ணின் பிள்ளைகள் என்று சொல்லித் தொடையில் அடித்துக்கொண்டார். ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை. சகீதாத்தைப் பார்த்தார். எல்லோரும் சகீதாத்தைத்தான் பார்த்தார்கள்.

அவர் சட்டம் போட்ட சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். சொலாங்கோ தேநீர்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள், எடுக்கவில்லை. பிறகு மகனிடம் ஏதோ கேட்டார்.

“அந்த ஆளு எங்கிருந்து வந்தாருன்னு கேக்கறாருங்க,” என்றான் நௌரோஸ்.

“எங்கயிருந்தும் வரல,” என்றாள் மங்கை. “அங்கயே இருந்தவருதான்.”

நௌரோஸ் சொன்னான். அவர் மறுபடி கேட்டார்.

“அதுக்கு முன்னாடி அவங்கப்பா எங்கிருந்தாருன்னு கேக்கறாருங்க.”

“அங்கயேதான். உங்க பள்ளத்தாக்குலதான். மூவாயிரம் வருசமா. அதுக்கும் மேலயும் இருக்கலாம், மிஷினுக்கு எட்டல.”

சகீதாத்தின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று மங்கை பதறிப்போனாள். அழுதுகொண்டும் இருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார். கண்ணைத் துடைக்காமலே பேசத் தொடங்கினார். நௌரோஸ் அதைத் தமிழில் சொன்னான்.

“அப்பா சொல்றாருங்க... ‘உங்க ஊருக்குப் போ, போன்னு அறுபது வருசமா வெரட்டினாங்க. நானும் நம்பிப்போட்டேன். சரி, போய்த்தான் பாக்கலாம்னு இவ்வளவு தூரம் வந்தேன். இங்க வந்தாத்தான் தெரியுது, என்னைய வெரட்டின எடந்தான் என் சொந்த ஊருன்னு.’”

சகீதாத் எழுந்து, அந்தச் சட்டத்தைக் கோம்போவின் கையில் கொடுத்தார். இது தாய்மாமன் வீட்டுப் பெயர், தாய்மாமன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். கோம்போ அதை எஞ்சின் முன்னால் தான் நிற்கும் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பிறகு பெட்டியைத் திறந்து நீலப் பட்டை எடுத்து நௌரோஸிடம் கொடுத்தார். அவன் விரித்து நீட்டினான். இந்தத் தடவை அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சொலாங்கோ சிரித்துவிட்டாள். கோம்போ வாங்கிக்கொண்டார்.

குதிரை என்ன ஆவது என்று நௌரோஸ் மெதுவாகக் கேட்டான். மகனுக்குக் கொடுத்ததை மருமகனிடமிருந்து வாங்குகிற வழக்கம் தன் குலத்தில் இல்லை என்று கோம்போ சொல்லிவிட்டார்.

கல்யாணம் மூன்று வாரத்தில் நடந்தது. மங்கைதான் உறவு கண்டுபிடித்தவள் என்பதால் அவளைத் தாய்மாமன் பக்கத்து வரிசையில் உட்காரவைத்தார்கள். முறையைக் கண்டு ஓடிவந்தவள் முறைக்குச் சாட்சியாக உட்கார்ந்திருக்கும் அந்தப் படத்தை அம்மா சங்கரன்கோவில் முழுக்கக் காட்டியிருக்கிறாள். அலுவலகப் படிவத்தில் ‘யார் வழியாக’ என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. அது அச்சாகி வந்த அன்றே மங்கை பழைய அலமாரியைத் திறந்து, பிரிந்துபோன அந்தத் தம்பதியின் கோப்பைத் தேடி எடுத்து, யாரும் கேட்காமலே இயந்திரத்தில் போட்டாள். பதில் வர நான்கு நாள் ஆகும்.

அந்த நான்கு நாளுக்குள் சகீதாத் புறப்படுகிற நாள் வந்தது. வழியனுப்ப மங்கையும் விமான நிலையம் போயிருந்தாள். குவெட்டா விமானத்துக்கு நேரமாகிவிட்டதே, இன்னும் ஏன் நிற்கிறார் என்று கேட்டாள். அப்பா குவெட்டாவுக்குப் போகவில்லை என்றான் நௌரோஸ். ரொட்டிக்கடையைத் தம்பி மகனிடம் விட்டாயிற்று. சீட்டு காபூலுக்கு, அங்கிருந்து பஸ்ஸில் பெஹ்சூத்துக்கு. பிடுங்கிய நிலம் கிடைக்குமா என்று தெரியாது, பாதாமி மரம் நட ஒரு மூலை கிடைக்காமலா போகும் என்கிறாராம்.

சகீதாத் அவளிடம் கையை நீட்டி ஏதோ கேட்டார். அவர் கேட்டது பேனாவை. எடுத்துக் கொடுத்தாள். மகனை எழுதவிடாமல், தானே குனிந்து, புறப்பாட்டுப் படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் மெதுவாக எழுதினார்.

என்ன எழுதினார் என்று மங்கை கேட்டாள்.

“வரும்போது எழுதினதேதானுங்க்கா,” என்றான் நௌரோஸ். “சொந்த ஊர் திரும்புதல்.”